கோ ஸ்லோவுக்கு அடுத்த வரி

திருமலைச்சாமியின் வீடு அடுக்கம் கிராமத்துக்குக் கீழே, பெரியகுளம் இறங்குகிற மலைச்சாலையில் ஒரு வளைவுக்கு நேர் அடியில் இருக்கிறது. சாலையில் நின்று பார்த்தால் வீடு தெரியாது. இலவமரமும் புதர்க்காடும் மறைத்துவிடும். வீட்டு முன்னால் காபி காயப்போடும் களத்தில் நின்று அண்ணாந்தால் மட்டும் சாலையோரக் கல் வரிசை வெள்ளையாகத் தெரியும். வண்டி போவதைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

வீடுதான் முதலில் வந்தது, சாலை பிறகு வந்தது. ஊற்றுத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று அவருடைய அப்பா அங்கே கல் சுவர் எழுப்பினார். அப்போது மேலே ஒற்றையடிப் பாதை. அதில் குதிரையும் தலைச்சுமை ஆட்களும் போனார்கள். தார் ரோடு போட வந்தபோது திருமலைச்சாமியும் தன் நிலத்தில் ஒரு துண்டை மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தார். எலுமிச்சையும் மலை வாழையும் இனி தோளில் இறங்க வேண்டியதில்லை என்று ஊரே சந்தோஷப்பட்டது.

அவர் மனைவி வேலுத்தாய் பாலசமுத்திரத்துப் பெண். அடிவாரத்து வெயிலில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் மலைக்குளிரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனாலும் வெளியூர் ஆள் ஒருவர் விடுதி கட்ட அந்த நிலத்தைக் கேட்டு வந்தபோது கூடாது என்று நின்றவள் அவள்தான். மகன் ஆனந்துக்கு விற்றுவிட ஆசை. திருமலைச்சாமிக்கு ரெண்டு மனது. வேலுத்தாய் வந்தவருக்குக் கடுங்காப்பி கொடுத்து, நாங்க எங்க போவோம் என்று ஒரே கேள்வியில் அனுப்பிவைத்தாள்.

பிறகு கையில் இருக்கிற போனே வழி சொல்லத் தொடங்கிய காலம் வந்தது. கொடைக்கானலில் இருந்து தேனிப் பக்கம் போகிறவர்களுக்கு இதுதான் குறுக்கு வழி என்று போன் காட்டியது. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை என்றால் பெங்களூர் வண்டி, கேரளா வண்டி, ஹைதராபாத் வண்டி எல்லாம் ஜீப் போகத் தோதான அந்த ஒடுங்கின சாலையில் இறங்கின. சாலை செங்குத்து. மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். ரப்பர் கருகின மாதிரி ஒரு நாற்றம் களம் வரைக்கும் வரும். வேலுத்தாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, எவனோ வேகவச்சுக்கிட்டுப் போறான் என்பாள்.

பொங்கலுக்கு அடுத்த நாள் அவள் களத்தில் காபிப் பழத்தைக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தாள். திருமலைச்சாமி ஊற்றடியில் குழாய் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தமோ டயர் தேய்கிற சத்தமோ எதுவும் கேட்கவில்லை என்றுதான் பிற்பாடு போலீஸிடமும் சொன்னார். மரக்கிளை முறிகிற சத்தம் மட்டும்தான். யாரோ விறகு ஒடிக்கிறார்கள் என்று நினைத்தாராம். திரும்பிப் பார்க்கும்போது களத்தில் ஒரு வெள்ளைக் கார் மூக்குக் குத்தி நின்றது. வேலுத்தாயைக் காணவில்லை.

காருக்குள் இருந்த நான்கு பேரும் காற்றுப்பை விரிந்து பிழைத்தார்கள். ஓட்டிவந்தவன் முப்பது வயதுக்கு உட்பட்டவன், பெயர் மனோஜ்குமார். கரூர்க்காரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவன் கண்ணாடி வழியாக ஊர்ந்து வெளியே வந்து, சிதறிக்கிடந்த காபிப் பழத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் "நோ, நோ" என்பது மட்டும் திருமலைச்சாமிக்குப் புரிந்தது. கண் முன்னால் அவள் கிடக்கிறாள், இவன் இல்லை இல்லை என்கிறானே என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. அது மனதில் ஒரு முள் மாதிரி தங்கிவிட்டது.

காரியம் முடிந்த பிறகு அதிகாரிகள் வந்தார்கள். டேப் பிடித்து அளந்தார்கள். முக்கோணத் தகரத்தில் வளைந்த அம்பு போட்ட பலகை ஒன்று நட்டார்கள். ஓரக்கல்லுக்குப் புதிதாக வெள்ளை அடித்தார்கள். இரும்புத் தடுப்பு வேண்டும் என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்கு, மேலே அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. அத்தோடு சரி.

வண்டிகள் நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே அதே கருகல் நாற்றம் களத்துக்கு வந்தது. திருமலைச்சாமி சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை விட்டு எழுந்து மேலே ஓடினார். அன்றிலிருந்து வெள்ளனே எழுந்து, செய்யவேண்டிய சோலியை அப்படியே போட்டுவிட்டு, சிவப்புத் துண்டோடு அந்த வளைவில் போய் நிற்பது அவருக்கு வழக்கமானது. மேலிருந்து வண்டி வந்தால் துண்டை வீசுவார், மெல்ல மெல்ல என்று கத்துவார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு என்ன கேட்கும். ஏதோ விற்கிறார் என்று சிலர் கையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் கண்ணாடியை இறக்கி ஆரஞ்சுப்பழம் ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அறுவடை பாதியில் நின்றது. பழுத்த காபி செடியிலேயே கறுத்துப்போய் உதிர்ந்தது. வீடு மாற்றிவிடலாம், பெரியகுளத்தில் வாடகைக்குப் போகலாம் என்று ஆனந்த் கெஞ்சினான். அவன் ஜீப் ஓட்டுகிறவன், எங்கே இருந்தாலும் பிழைத்துக்கொள்வான். திருமலைச்சாமிக்கு அதைக் கேட்கவே காது இல்லை. அவள் போகமாட்டேன் என்ற இடத்தை விட்டு அவள் செத்ததும் கிளம்புவதா என்பது ஒரு பக்கம். நாம் போய்விட்டால் அந்த வளைவில் யார் நிற்பது என்பது இன்னொரு பக்கம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பழனியிலிருந்து வந்த சுற்றுலா வேன் ஒன்று இன்ஜின் சூடாகி வளைவுக்கு மேலே நின்றது. டிரைவர் வேலப்பன் வயசாளி, மலைக்குப் பழையவர். திருமலைச்சாமி ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வேலப்பன் கதை கேட்டார். கேட்டுவிட்டு, பலகையில அம்பு போட்டா எவனும் பாக்க மாட்டான் என்று சொன்னார். அவர் வண்டியில் வருகிறவர்கள் மலைப்பாதையில் ஒரே வகைப் போர்டைத்தான் வாய்விட்டுப் படிப்பார்களாம். ரெண்டு வரி, ரெண்டும் ஒரே ஓசையில் முடிகிற இங்கிலீஷ் போர்டு. ஒருத்தர் படிப்பார், இன்னொருத்தர் சிரிப்பார், மூன்றாவது ஆள் டிரைவரிடம் திருப்பிச் சொல்வார். காதில் விழுந்தால் கால் தானே பிரேக்குக்குப் போகும் என்றார் வேலப்பன். சொன்னவர் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேச்சு திருமலைச்சாமியைப் பிடித்துக்கொண்டது.

தமிழில் என்றால் அவரே கட்டியிருப்பார். ஆனால் விழுகிற வண்டியெல்லாம் தமிழ் படிக்கிற வண்டி இல்லை. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ், சாலையில் எங்கும் எழுதியிருக்கிற 'கோ ஸ்லோ' ஒன்றுதான். முதல் வரி அதுவே என்று வைத்துக்கொண்டார். அடுத்த வரிதான் வேண்டும். ஸ்லோ என்பதற்கு ஒத்த ஓசையில் முடிய வேண்டும், கீழே வீடு இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

ஆளாளுக்குக் கேட்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் 'கோ', 'சோ', 'டோ' என்று சொல்லிவிட்டு, பரீட்சை நேரம் என்று உள்ளே போய்விட்டார். டீக்கடையில் ஒருவர் 'ஸ்டோ' என்றார். அப்படி ஒரு வார்த்தை உண்டா என்று இன்னொருவர் சந்தேகப்பட்டார். வாழைத்தார் ஏற்ற வந்த லாரிக்காரர் 'ஹலோ' என்று கொடுத்தார். திருமலைச்சாமி வளைவில் நின்றபடி எல்லாவற்றையும் ஸ்லோவோடு சேர்த்து வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். கோ ஸ்லோ, ஹலோ. கோ ஸ்லோ, கோ கோ. எதுவும் வீடு என்று சொல்லவில்லை. எதுவும் வேலுத்தாய் என்று சொல்லவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டி வரும். துண்டை வீசுவார். அது போனதும் மறுபடி ஆரம்பிப்பார். ராத்திரி தூக்கத்திலும் ஸ்லோ ஸ்லோ என்று முனகுகிறார் என்று ஆனந்த் ஊரில் சொல்லி வருத்தப்பட்டான்.

கொடைக்கானலுக்கு எலுமிச்சை கொண்டுபோன ஒரு நாள், சாக்லேட் கடையில் வேலை பார்க்கிற ரம்யாவைப் பார்த்தார். அடுக்கத்துப் பெண்தான், வேலுத்தாய்க்குத் தூரத்து உறவு. கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசி இங்கிலீஷ் பழகியவள். பெரியப்பா கேட்டதும் அவள் போனில் தட்டினாள். ஒத்த ஓசைச் சொற்கள் ஒரு பெரிய பட்டியலாக வந்து விழுந்தன. அவள் ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னாள். ஸ்நோ என்றால் பனி. ஷோ என்றால் காட்சி. க்ரோ என்றால் காக்கா. நோ என்றால் இல்லை.

"அதுலயே இன்னொரு நோ இருக்கு பெரியப்பா. எழுத்து வேற, சத்தம் ஒண்ணுதான். அதுக்கு, தெரியும்னு அர்த்தம்."

திருமலைச்சாமி, அன்றைக்குக் களத்தில் அந்தப் பையன் சொன்னதைத் தன் காதில் விழுந்த மாதிரியே சொல்லிக் காட்டினார். ஐ டிண்ட் நோ, ஐ டிண்ட் நோ.

"எனக்குத் தெரியலையே, தெரியாமப் போச்சேன்னு சொல்லியிருக்காரு," என்றாள் ரம்யா.

அவர் கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமாக அவன் இல்லை இல்லை என்று மறுத்ததாகவே நினைத்து அவனைச் சபித்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்றால் என்ன தெரியவில்லை. பிரேக் பிடிக்கத் தெரியவில்லையா, வழி தெரியவில்லையா. அதற்குள் கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் சாக்லேட்டை நிறுத்துக் கட்டிக்கொண்டே, வீடு என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒன்று இருக்கிறது பெரியப்பா, பங்களோ, என்று சொன்னாள். பங்களாவைத்தான் இங்கிலீஷில் அப்படிச் சொல்கிறார்கள் என்றாள்.

பங்களோ. ஸ்லோவோடு பொருந்தியது. வீடு என்றும் சொன்னது. அவருக்கு அது போதும் என்று பட்டது. பெருமாள்மலையில் போர்டு எழுதுகிற செல்வமுருகனிடம் போய் மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்தில் எழுதி வாங்கினார். கோ ஸ்லோ, பங்களோ. சித்திரை பிறந்ததும் வளைவுக்கு முன்னால் இலவமரத்தில் சாய்த்துக் கட்டினார்.

வண்டிகள் மெதுவாக வந்தன. முதல் நாள் அவருக்குக் கண் கலங்கியது. ஒரு கார் வளைவிலேயே நின்று, கண்ணாடியை இறக்கி, ரூம் இருக்கிறதா என்று கேட்டது. அவருக்கு விளங்கவில்லை. அடுத்த கார் எத்தனை பேர் தங்கலாம் என்று கேட்டது. மூன்றாவது காரில் இருந்தவர், ஏசி உண்டா என்றார். பிறகுதான் புரிந்தது, கீழே தங்கும் பங்களா இருப்பதாக எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். நின்றால் நிற்கட்டும், நிற்கிற வண்டி விழாது என்று அவர் தேற்றிக்கொண்டார். கோடை விடுமுறை உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குடும்பம் ரூம் விசாரிக்க வளைவின் நடுவில் வண்டியை நிறுத்தியது. பின்னால் கருகல் நாற்றத்தோடு இறங்கிவந்த கார் அதைத் தவிர்க்க வெளிப்பக்கம் ஒடித்தது. ஓரக்கல்லில் மோதி, முன்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, நின்றுவிட்டது. வண்டியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெயர்ந்த கல் மட்டும் உருண்டு கீழே போனது. வீட்டுத் தகரக் கூரையைத் துளைத்து, ஆனந்த் படுக்கிற கட்டிலை நடுவில் ஒடித்துப்போட்டது.

ஆனந்த் அப்போது வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே போய்ப் பார்த்தான். பிறகு மேலே ஏறிவந்து, போர்டை அவிழ்த்து, மடக்கிக் காலால் மிதித்தான். திருமலைச்சாமி பக்கத்தில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"அம்மாவக் கார்க்காரன் கொன்னான்பா," என்றான் ஆனந்த். "என்னைய நீங்க கொன்னுருப்பீங்க."

அன்றைக்கே துணிமணியை ஜீப்பில் போட்டுக்கொண்டு பெரியகுளம் இறங்கிவிட்டான். அப்பாவையும் கூப்பிட்டான். அவர் வரவில்லை. அந்தச் சொல் அவரை அடித்துப்போட்டுவிட்டது. ரெண்டு மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மேலே வண்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்திருக்கலாமா என்று காலை ஊன்றுவார். எழுந்தால் கெடுதல் செய்துவிடுவோமோ என்று மறுபடி உட்கார்ந்துவிடுவார். வளைவில் நிற்கவும் பயம், நிற்காமல் இருக்கவும் பயம். தான் எதற்கும் லாயக்கில்லாத ஆள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. அந்த நாட்களில் ஒருமுறை இலவமரம் வரைக்கும் போய், துண்டைக் கிளையில் போட்டுப் பார்த்ததாகவும், கீழே வீட்டில் கட்டியிருந்த ஆடு கத்தியதால் திரும்பி வந்ததாகவும் பிற்பாடு ரம்யாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

ஆடி மாதம் கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கொடைக்கானல் கோர்ட் வராந்தாவில் எதிர்ப்பக்கப் பெஞ்சில் மனோஜ்குமார் இருந்தான். இளைத்துப்போய் தாடி வளர்த்திருந்தான். திருமலைச்சாமி கூண்டில் ஏறி, மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது, திரும்பினேன், கார் நின்றது என்று சொல்லி இறங்கினார். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. வழக்கு அடுத்த மாதத்துக்குப் போனது.

வெளியே சாரல். ஆனந்த் ஜீப்பை எடுக்கப் போயிருந்தான். மனோஜ்குமாரின் வக்கீல் போனில் பேசிக்கொண்டு தள்ளி நின்றார். எதிர்த்தரப்போடு பேசக்கூடாது என்று திருமலைச்சாமிக்கும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவர் நேராக அவனிடம் போனார். அவன் பயந்து எழுந்து நின்றான்.

"தம்பி," என்று வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "அந்த வளைவுல என்ன எழுதியிருந்தா நீங்க அன்னைக்கு மெல்ல வந்திருப்பீங்க?"

அவனுக்குக் கேள்வி விளங்க நேரமானது. விளங்கியதும் அழுகிற மாதிரி முகம் கோணியது. அழவில்லை.

"வளைவுல என்ன எழுதியிருந்தாலும் பிரயோசனம் இல்லைங்க ஐயா. எனக்கு அதுக்கு ரொம்ப மேலயே பிரேக் போயிருச்சு."

திருமலைச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டார். தை முதல் வைகாசி வரை வெயிலிலும் மழையிலும் துண்டை வீசிய இடம் தப்பான இடம். பிரேக் பிடிக்கிற வண்டி அவர் கத்தாமலே திரும்பியிருக்கும். பிடிக்காத வண்டி அவர் கத்தியும் நின்றிருக்காது. இவ்வளவு காலமும் அங்கே நின்று என்ன செய்தோம்.

மனோஜ்குமார் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனான். அவன் சமவெளியில் ஓட்டிப் பழகியவன். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்ததில் சூடேறி, மிதித்தால் காற்றை மிதிப்பது போல் இருந்தது. அந்த வளைவைப் பார்த்ததும், எதிரே வண்டி வந்தால் மோதிவிடுவோம், இந்தப் பக்கம் வெறும் காடுதானே, மரத்தில் போய் நிற்கட்டும் என்று அவனேதான் வெளிப்பக்கம் ஒடித்தான்.

"கீழ வீடு இருக்குன்னு தெரியலைங்க. சத்தியமாத் தெரியலைங்க. தெரிஞ்சிருந்தா பாறைப் பக்கம் மோதியிருப்பேன்."

திருமலைச்சாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கலாம் என்றும் இருந்தது. அந்த வாயில் இருந்துதான் தனக்கு வேண்டியது வரவேண்டும் என்றும் தெரிந்தது.

"கியரைக் கொறைக்கிறதுக்கு இங்கிலீசுல என்ன?"

"லோ கியர்ம்பாங்க. லோ."

"லோ," என்று அவர் சொல்லிப் பார்த்தார். "ஸ்லோவும் லோவும் ஒண்ணாத்தான முடியுது. சரி, கீழேங்கிறதுக்கு?"

"பிலோ."

"என்னது?"

"பிலோ. கீழேன்னு அர்த்தம்."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். பீப்பிள் பிலோ என்றான். வீடு என்று வேண்டாமா என்று கேட்டார். அவன் யோசித்துவிட்டு, வீடு என்றால் காலியாகக்கூட இருக்கும் என்று நினைப்பார்கள், ஆட்கள் என்றே இருக்கட்டும் என்றான். கோர்ட் வராந்தாவில், கொன்றவனும் பறிகொடுத்தவரும் தலையோடு தலை குனிந்து மூன்று வரியைக் கோத்தார்கள். கியர் லோ. கோ ஸ்லோ. பீப்பிள் பிலோ. போர்டுச் செலவைத் தான் கொடுக்கிறேன் என்று அவன் ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மன்னிப்பு என்று அவனும் கேட்கவில்லை, இவரும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல் வேகமாக வந்து அவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

ஆனந்த் வாசலில் ஜீப்போடு நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறான். பெருமாள்மலையில் அப்பா இறங்கி செல்வமுருகன் கடைக்குள் போனதும் அவனும் பின்னால் போனான். அவர் மூன்று வரியையும் சொல்ல, செல்வமுருகன் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் எழுதிப் பார்த்தார். இந்த வார்த்தை யார் கொடுத்தது என்று ஆனந்த் கேட்டான். அவர் மறைக்கவில்லை. அவன் திரும்பி நடந்து, ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திருமலைச்சாமி வேறு வண்டி பிடித்து வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு கார்த்திகை வரை அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த முறை போர்டை வளைவில் வைக்கவில்லை. நன்றாக மேலே, செங்குத்து இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு எலுமிச்சைத் தோட்டத்து வேலியில் தோட்டக்காரரைக் கேட்டு நட்டார். பெரிய எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இடம் விட்டு. அவரால் அதைப் படிக்க முடியாது. படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, வாயால் மூன்று வரியையும் சொல்லிக்கொள்வார். வண்டிகள் அதைத் தாண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முதல் நாள் எந்த வண்டியும் படிக்கவில்லை. மறுநாள் ஒரு வண்டியில் பின்சீட்டுப் பிள்ளைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு போனார்கள். லோ, ஸ்லோ, பிலோ. வண்டி கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் உறுமல் மாறியது. கியர் இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த வண்டி ஒன்றும் செய்யாமல் அப்படியே இறங்கியது. அவர் எழுந்து அதன் பின்னாலேயே ஓடினார், பிடிக்க முடியாது என்று தெரிந்தும்.

புரட்டாசிக்கு மேல் மழை பிடித்து, மண் சரிந்து, சாலையை அடைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் வண்டி இல்லை. ஊர்க்காரர்கள் சாமான் வாங்க நடந்து போனார்கள். திருமலைச்சாமிக்குத் தூக்கம் வந்தது. கூரைக்குத் தகரம் மாற்றினார். அந்தச் சாலை திறக்கவே வேண்டாம் என்று கோயிலில் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். கார்த்திகைக் கடைசியில் திறந்தார்கள். அந்த வாரமே ஆனந்த் வந்தான். வீட்டுக்குள் போகாமல், ஓடைக்கு அந்தப் பக்கம், வளைவுக்கு நேர்கீழ் இல்லாத மேட்டில், கல் பொறுக்கி அடுக்கத் தொடங்கினான். சாயங்காலம் அப்பாவும் போய்க் கல் எடுத்துக் கொடுத்தார். இப்போது அங்கே இடுப்பளவு சுவர் நிற்கிறது. கூரை போட்டதும் போவதா வேண்டாமா என்பதை ரெண்டு பேருமே இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

இரும்புத் தடுப்பு வரவில்லை. திறந்த பிறகு ஒரு வண்டி ஓரக்கல்லை உரசிவிட்டு நின்றது, விழவில்லை. அந்த ஓட்டுநர் மேலே இருந்த போர்டைப் படித்தாரா என்று கேட்டதற்கு, என்ன போர்டு என்று திருப்பிக் கேட்டார். அதே வாரம் ஒரு குடும்பம் அந்த வளைவில் ஊர்ந்து வந்து, கண்ணாடியை இறக்கி, கீழே நிஜமாகவே ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனது. இருக்கோம் என்று அவர் சொன்னார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. போன மாதம் மனோஜ்குமார் போன் செய்தான். எண்ணை எங்கே பிடித்தான் என்று தெரியவில்லை, வக்கீலிடமாக இருக்கலாம். ஒரு தடவை வந்து அந்த அம்மாவின் படத்துக்கு முன்னால் நிற்கவேண்டும், அனுமதி கொடுப்பீர்களா என்று கேட்டான். திருமலைச்சாமி ஓடைக்கு அந்தப் பக்கச் சுவரைப் பார்த்தார். லைனில் இருக்கிறீர்களா ஐயா என்று அவன் ரெண்டு தடவை கேட்டான். இங்க என் மகன் இருக்கான், அவன் என்ன சொல்வான்னு தெரியலை என்றார். அவன் சரிங்க என்றான். அப்படியும் அவர் போனை வைக்கவில்லை.

"வாறதா இருந்தா பெரியகுளத்துல இருந்து ஏறி வாங்க," என்றார். "மேல இருந்து எறங்கி வராதீங்க."